ஆங்கிலம் மட்டும்

இங்கிலாந்தில் நான் வேலை செய்யும் பள்ளியில் தலைமையாசிரியரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மூன்று வருடமாகியும் எனக்கு அது வரவில்லை. ‘மேடம்’ என்றால் ஹெலன் சிரிப்பார். திருத்தணிப் பக்கம் பதினொரு வருடம் ஆங்கிலம் எடுத்தவள் நான். இங்கே, வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் உதவியாசிரியை.

போன மாதம் எங்களுக்குப் பயிற்சி நாள். பயிற்றுநர் திரையில் ஒரு பாடத்தை ஓடவிட்டார். முழுக்கத் தெலுங்கு. புரியாத மொழியில் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று காட்டத்தானாம். எல்லோரும் விழிக்க, ஆந்திர எல்லையோரம் வளர்ந்த நான் மட்டும் அதன் கேள்விகளுக்குப் பதில் சொன்னேன்.

“உங்கள் தாய்மொழியா?”

“இல்லை, தமிழ்.”

“இரண்டும் ஒன்றுதானே!” என்றார். பிறகு, பிள்ளைகள் வீட்டு மொழியில் யோசிக்கட்டும், பேசட்டும், ஆங்கிலம் அதன்மேல் வளரும் என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஊரில் எங்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அரக்கோணத்தில் இரண்டு நாள். இங்கிலாந்திலிருந்து வந்த கையேட்டைக் காட்டி, வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு பேச்சே கூடாது என்றார்கள். நம்பினேன். பள்ளிப்பட்டுப் பக்கத்துச் சுஜாதா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், வாய்தவறித் தெலுங்கில் பேசும்போதெல்லாம் அவளை வெளியே நிற்கவைத்தேன். ஒருநாள் அவள் அப்பா வயல்வேலையை விட்டுவிட்டு வந்தார்.

“டீச்சர், வூட்ல தெலுங்கு, இஸ்கூல்ல தமிழு, இப்போ இங்கிலீஷு. நல்லா பேசிகினு இருந்த பொண்ணுங்க. இப்போ வூட்லகூட வாயத் தொறக்க மாட்டேங்குது.”

“ரூல்ஸுங்க,” என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து சுஜாதா வரவில்லை. நான் தேடிப் போகவுமில்லை. தங்கள் பிள்ளைகளுக்குத் தப்பு என்று தெரிந்ததை இந்த நாட்டுக்காரர்கள் எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் அனுப்பினார்கள்? அனுப்பியதை நான் ஏன் அப்படியே வாங்கினேன்? இரண்டு கேள்விக்கும் கோபம்தான் வருகிறது, இரண்டாவதற்குக் கூடுதலாக.

பயிற்சி முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. “தேர்வு வருகிறது, இனி வகுப்பில் ஆங்கிலம் மட்டும்,” என்றார் ஹெலன்.

“பயிற்சியில் வேறு சொன்னார்களே?”

“அது பயிற்சி,” என்றார்.

அன்றைக்கே, குண்டூரிலிருந்து வந்து மாதக்கணக்கில் பேசாதிருந்த மாணவி ஹாரிகாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “ஏமயிந்தி தல்லி?” என்ன ஆச்சும்மா என்று கேட்டேன். என் எல்லைப்புறத் தெலுங்கைக் கேட்டு முதலில் சிரித்தாள். பிறகு கொட்டித் தீர்த்தாள். வாசலில் ஹெலன் வந்து நின்றார்.

“இங்கிலீஷ், ப்ளீஸ்!”

“முடியாது,” என்றேன் ஆங்கிலத்தில். வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

“மிஸ், நீங்க எங்க ஊரா?” என்று தெலுங்கில் கேட்டாள் ஹாரிகா. “எல்லைக்கு அந்தப் பக்கம்,” என்று தெலுங்கிலேயே சொல்லிவிட்டு, சுஜாதாவிடம் ஒருநாளும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்: “நீ பேசு.”