ஜரீனாவின் பிழைப் பக்கம்

ஜரீனா மறைந்த செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அந்தக் குழுவில் வருவதெல்லாம் பாடத் திருத்தங்கள். ‘ஜரீனா மேடம்’ என்று ஆரம்பித்திருந்ததைப் பார்த்துவிட்டு, யாரோ எதையோ திருத்தச் சொல்கிறார்கள் என்று நிதானமாக நாஷ்டாவை முடித்தேன். அந்த அரைமணி நேரத்துக்காக என்னை நானே இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண், கும்மிடிப்பூண்டியில் தொழிற்பயிற்சி ஆசிரியை. ஆலைத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புப் பாடங்களைப் படம் வரைந்து எழுதி, யாரும் இலவசமாக எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று இணையத்தில் போட்டுவந்த குழுவை நடத்தியவர். இப்படிப்பட்ட திறந்த பாடங்கள் எப்படி உருவாகின்றன, எப்படிக் கைமாறுகின்றன என்று ஆராய்வது என் வேலை. திருவள்ளூரிலிருந்து நோட்டும் கையுமாகப் போய் இறங்கினேன்.

சில மாதங்களில் அறிக்கை தயார். ஜெராக்ஸ் கடைகளில் கிடைத்த பிரதிகள் ஆளுக்கொரு விதமாக மாறியிருந்தன. ‘பாடங்கள் கெட்டுப்போகின்றன. யாரும் கைவைக்க முடியாதபடி பூட்டிவிட வேண்டும்’ என்று எழுதிவிட்டேன். குழுவிலும் பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஜரீனா படித்துவிட்டுக் கோபப்படவில்லை.

“ஆபீஸ்ல குந்திக்கினு எழுதிட்டீங்க சார். நாளைக்கு என்கூட தேர்வாய் கண்டிகை வாங்க. அப்பால பூட்டிக்கலாம்” என்றார்.

அங்கே ஓர் ஆலை வாசல் டீக்கடையில் வேலு என்ற தொழிலாளி காத்திருந்தார். மெஷினைச் சுத்தம் செய்யும் முன் எப்படி நிறுத்துவது என்ற பாடத்தின் கசங்கிய பிரதி அவர் சட்டைப்பையில் இருந்தது. ஜரீனா எழுதியிருந்தவை இரண்டே வரிகள். கீழே பேனாவால் மூன்றாவது வரி: ‘மெயின் ஸ்விட்சில் போர்டு மாட்டு. அடுத்த ஷிப்ட் ஆளிடம் வாயாலும் சொல்.’

“இன்னாத்துக்கு வேலு இத சேத்தீங்க?” என்று கேட்டார் ஜரீனா.

“உள்ள கைய வுட்டு தொடச்சிக்கினு இருந்தேன் மேடம். ஷிப்ட் மாறி வந்தவன் தெரியாம ஸ்விட்ச போட்டுட்டான். மயிரிழைல தப்பிச்சேன்.”

 கெட்டுப்போனவை என்று நான் ஒதுக்கிய பிரதிகளில் இந்த மூன்றாவது வரி உள்ளதும் ஒன்று.

ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் பிழைப் பக்கம் ஒன்று வைப்பது ஜரீனாவின் வழக்கம். என்ன பிழை, கண்டவர் யார், திருத்தியவர் யார் என்று அதில் இருக்கும். அன்றே வேலுவின் வரி பாடத்திலும் அவர் பெயர் பிழைப் பக்கத்திலும் ஏறின. “பாடம் நாலு எடம் சுத்திக்கினு வந்தா அழுக்காத்தான் சார் வரும். அந்த அழுக்கத்தான் நாம படிக்கணும்” என்றார். நான் அறிக்கையைத் திரும்ப எழுதினேன். அதன்பின் பார்க்கும்போதெல்லாம் கிண்டல்தான். “ஊர்ல கீறவங்கல்லாம் என் தப்ப கண்டுபுடிச்சிட்டாங்க. ஆராய்ச்சி பண்ற நீங்க ஒண்ணுகூட சொல்லலியே!”

அவர் போய் இரண்டு வாரம் கழித்துக் குழுவில் ஒரு திருத்தம் வந்தது. புதிதாக ஆலை வேலைக்குச் சேர்ந்த குமாரி எழுதியிருந்தார்: “மேடம் படத்துல மெஷின நிறுத்துற பொண்ணுக்கு துப்பட்டா தொங்குது. ஓடுற பெல்ட்டுல மாட்டினா இன்னா ஆவறது?” உண்மைதான். ஜரீனா தான் வரையும் பெண்களுக்கெல்லாம் தன் துப்பட்டாவையே போட்டுவிடுவார். இத்தனை நாள் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

உடனே வேலு எழுதினார்: “மேடம் கைப்பட வரைஞ்சது. தொடாதீங்க. ஞாபகமா அப்டியே கெடக்கட்டும்.” எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். எனக்கும் தொட மனம் வரவில்லை. இரண்டு நாள் சும்மா இருந்தேன். நான் அன்று போடச் சொன்ன அதே பூட்டைத்தான் இப்போது பாசத்தால் போடுகிறோம் என்று பிறகுதான் உறைத்தது.

வேலுவுக்குப் போன் செய்தேன். “மூணாவது வரி யாரோடது வேலு?” என்று மட்டும் கேட்டேன். 

“மாத்திடுங்க சார்” என்றார். அழுதுகொண்டிருந்தார்.

தொங்கிய துப்பட்டாவை அழித்து, கம்பெனி யூனிபார்ம் கோட்டுக்குள் அடக்கி வரைந்தேன். எனக்கு வரைய வராது, கோட்டு கோணலாகத்தான் வந்தது. முகம் ஜரீனா வரைந்தபடியே இருக்கிறது. பிழைப் பக்கத்தில் கண்டவர் என்ற இடத்தில் குமாரியின் பெயரையும் திருத்தியவர் என்ற இடத்தில் என் பெயரையும் எழுதினேன். ஜரீனாவுடையதாக என்னிடம் இருப்பது அந்தப் பக்கம்தான்.

இந்தப் பிழையையும் நான் கண்டுபிடிக்கவில்லை, ஜரீனா. ஆனால் உங்கள் படத்தில் கைவைத்துவிட்டேன். அதற்கான தைரியம் நீங்கள் கொடுத்தது. நன்றி.