கும்மிடிப்பூண்டியில் மருந்து படாத முட்டை

எங்கள் அடுக்ககத்தில் முட்டைக்கு ஊர்ப்பெயர் சொல்லாமல் ஆம்லெட் போடுவது நாகரிகமில்லை. கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு வீட்டில் மருந்தே படாத நாட்டுக்கோழி முட்டை கிடைக்கிறது என்று மாடி வீட்டுக்காரர் சொல்ல, போன மாதம் ஒரு சனிக்கிழமை காலி முட்டை அட்டையோடு கிளம்பினேன்.

சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் ஏறக்குறைய நாற்பத்தெட்டு கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம், பதினைந்து ரூபாய். பொன்னேரியைச் சுற்றி நெல்வயல், அது முடிந்ததும் புகைபோக்கிகள். நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

"முட்டைக்கா வந்துக்கீறீங்க? கோழிகூட இவ்ளோ தூரம் மேயாது சார்," என்றார் ஓட்டுநர். இரும்பு ஆலைகளின் புகையைக் கடந்தால் இயற்கை உணவு.

முட்டை விற்கும் கஸ்தூரி, மகள் ரேகாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ரேகா தலைப்பிரசவத்துக்கு வந்தவள், ஏழாம் மாதம். சிறுநீர்த் தொற்று, விடாத காய்ச்சல். வழக்கமான மாத்திரைகள் எதுவும் அந்தக் கிருமியிடம் எடுபடாது என்று பரிசோதனையில் வந்திருந்தது. அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட வேண்டும். தாமதித்தால் குழந்தைக்கும் ஆபத்து.

"மாத்திரைன்னு ஒண்ணு துன்னதில்ல சார் இவ. தெனமும் நம்ம கோழி முட்டை ரெண்டு. அப்புறம் இன்னாத்துக்கு மருந்து கேக்கமாட்டேங்குது?"

அப்போது தெருமுனையில் பைக் சத்தம். மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் மொத்தமும் வாசலுக்கு ஓடின. வந்தவர் கஸ்தூரியின் கணவர் ஏழுமலை. தொழிற்பேட்டையில் ஒரு தீவன ஆலையில் வேலை. பண்ணைகளுக்குப் போகும் கோழித்தீவனம் தரையில் சிந்தினால், ஷிப்ட் முடிந்ததும் கூட்டி அள்ளிக்கொள்ளலாம். பையிலிருந்து ஒரு பிடி எடுத்து வீசினார்.

"நல்ல சரக்கு சார். மருந்து கலந்தே வருது, சீக்கே அண்டாது."

கஸ்தூரி கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னா கலந்து வருது?"

"கோழிக்குத்தாம்மே."

"கோழி துன்னது முட்டைல வராம எங்க போவும்?"

ஏழுமலை கையிலிருந்த அடுத்த பிடியைத் திரும்பப் பையிலேயே போட்டார். ரேகாதான் பேசினாள்: "நைனாவத் திட்டாதமா. எனக்கோசரம்தான் கொண்ணாந்துச்சு."

கஸ்தூரி எனக்கு முட்டை விற்க மறுத்துவிட்டார். டீ குடிக்காமல் போகவும் விடவில்லை. காலி அட்டையோடு திரும்பினேன்.

நேற்று மறுபடி போனேன், அட்டையில்லாமல். ஊசியில் காய்ச்சல் விட்டு ரேகா வீடு திரும்பிவிட்டாள். குழந்தை நன்றாக உதைக்கிறதாம். தொற்று முட்டையால்தான் வந்தது என்று சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். ஆனால் சீக்கில்லாத கோழிக்குத் தினமும் மருந்து போனால் அதன் உடம்பிலுள்ள கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். பழகியவை கோழியோடு நிற்பதில்லை, மனிதருக்கும் வரும் என்றாராம். இப்போது நொய்யும் தவிடும்தான் தீவனம். கோழிகள் அதை அவமானமாகக் கருதுகின்றன. முட்டை விற்பனை இன்னும் தொடங்கவில்லை.

முட்டைக்காகப் பயணம் போகிறவர்கள், கோழி எங்கே மேய்கிறது என்பதோடு வீட்டில் அதற்கு என்ன போடுகிறார்கள் என்றும் கேளுங்கள். மெதுவாகக் கேளுங்கள். போட்டவர் ஆசையாகப் போட்டிருப்பார்.

திரும்பும்போது ஆட்டோவுக்காகத் தெருமுனையில் நின்றேன். வேலை முடிந்து வந்த ஏழுமலை அங்கேயே பைக்கை அணைத்துவிட்டு இறங்கி, வீட்டை நோக்கித் தள்ளத் தொடங்கினார்.

"பெட்ரோல் இல்லையா?"

"கீது சார். சத்தம் கேட்டா அதுங்க ஓடியாந்துடும். வெறுங்கையோட எப்டி முன்னால நிக்கறது?"