அப்பா நம்பிப் படிச்ச கட்டுரை

என் தங்கச்சி அனுப்பிரியா மேல எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். பாவமாவும் இருக்கு.

சிதம்பரத்துல ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல வருசக்கணக்கா எலிங்களோட கெடந்தவ அவ. மருந்து குடுக்கறது, ரத்தம் எடுத்துப் பாக்கறது, இதேதான் வேல. போன வருசம் அத விட்டுட்டுக் கடலூருக்கே வந்து, இனிமே பத்திரிகைங்களுக்கு அறிவியல் கட்டுரை எழுதப் போறேன்னா. எங்கப்பா சபாபதி கொதிச்சுப் போயிட்டாரு. இவ்ளோ படிச்சது கதை எழுதவான்னு கேட்டவரு, அப்புறம் அவகிட்ட மொகம் குடுத்தே பேசல. அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஏக்கந்தான். தான் எழுதுனத அப்பா ஒரு தடவையாவது படிக்கணும்.

படிச்சாரு. ஞாயித்துக்கெழம பேப்பர்ல அவ பேரோட வந்துச்சு. உப்பங்கழிப் பக்கம் மொளைக்கிற ஒரு கீரையோட சாறு சுகரக் கொறைக்குதுன்னு ஒரு ஆராய்ச்சி. அவரு பேப்பர மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. அதுக்கே இவ அழுதுட்டா.

அடுத்த மாசம் மஞ்சக்குப்பத்துல பஸ்சுக்கு நின்னவரு மயங்கி விழுந்துட்டாரு. சுகர் தாறுமாறா ஏறிக் கெடக்கு, மாத்திரை போடறாரா இல்லையான்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க. வீட்டுக்கு ஓடிப் போயி டப்பாவத் தொறந்தா, மாத்திரை பிரிக்காம அப்படியே இருக்கு.

அனு பேயறைஞ்ச மாதிரி நின்னா. அப்புறம் அந்தக் கட்டுரைய எடுத்துத் திரும்பத் திரும்பப் படிச்சா.

"எலின்னு நான் எங்கயுமே எழுதலக்கா."

சோதனையே எலிங்க மேலதானாம், லேப்ல யாரும் அதத் தனியா சொல்லமாட்டாங்களாம். சாறு குடுத்த குரூப்பு, குடுக்காத குரூப்புன்னாலே எல்லாருக்கும் புரிஞ்சிடுமாம். அடிப்பாவி, பேப்பர் படிக்கறவன் என்ன உன் லேப்லயா உக்காந்திருக்கான்?

அப்பா கண்ணு முழிச்சதும் அவரு காலப் புடிச்சுக்கிட்டு, ஏம்ப்பா மாத்திரைய நிறுத்துனீங்கன்னு கேட்டா. கீரைய அரைச்சுக் குடிச்சிட்டிருந்தேன்னாரு.

"நீதானம்மா எழுதியிருந்த. எம்பொண்ணு தப்பா எழுதுவாளா?"

அவரு மொகத்துல அவ்ளோ பெருமை.

"நம்ம தெருவுல சுகர் இருக்கறவங்க எல்லாருக்கும் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்திருக்கேன்."

செருப்பு கூடப் போடாம அவ ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடி, எங்க தெருவுக்குப் போக ஷேர் ஆட்டோவ மறிச்சா.