கரவன் சுவருக்கு ஒரு தகடு

அப்பாவுக்கு அறை இல்லை என்பதற்காகத்தான் அந்தப் பழைய கரவனை வாங்கினோம். ஓக்லண்டின் லின்ஃபீல்ட் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் அறைகள் இரண்டு, ஆட்களுக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற பாஸ் என்ற அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டியிருந்த தொண்ணூறுகள் அவை. அப்பாவுக்கு அது கிடைத்துவிட்டது என்று செய்தி வந்ததும், காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற அந்தச் சக்கர வீட்டைப் பின்வளவில் நிறுத்திவிட்டால் மனிதர் தனியாக, மரியாதையாக இருப்பார் என்று கணக்குப் போட்டேன்.

நிறுத்துவதில்தான் கோட்டை விட்டேன். உதவிக்கு வந்த நண்பர்கள் தேர் இழுக்க வந்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு திசை காட்டினார்கள். நான் எல்லார் சொல்லையும் கேட்டேன். வேலிக் கட்டை கரவனின் பக்கத் தகட்டைக் குத்திக் கிழித்தது. சரியாக, உள்ளே கட்டில் இருந்த பக்கம்.

மெல்லிய அலுமினியத் தகடு. தட்டி நிமிர்த்தப் பார்த்தேன். தட்டத் தட்ட இன்னும் விரிந்து அப்பளம் மாதிரிப் பொங்கியது. மவுண்ட் வெல்லிங்டனில் தகடு விற்கிற இடத்தில் விசாரித்தேன். கிழிந்ததை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வை, ஓரமெல்லாம் பசை பூசி ரிவெட் ஆணி அடி என்றார்கள். ஒரு சனிக்கிழமை காலை வெட்டி முடித்த நேரம், கொழும்பிலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள். அப்பா செத்து, எரித்தும் முடிந்துவிட்டதாம். ஊரில் போன் இல்லாததால் செய்தி யார் யாரோ வாய்வழியாக அவளிடம் வந்து சேரவே நாளாகிவிட்டது. கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். மூத்த பிள்ளை நான் இங்கே கரவனுக்கு அளவெடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சரி என்று சொல்லி போனை வைத்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வராததுதான் பயமாக இருந்தது.

சாவுச் செய்தி காதில் விழுந்ததும் பிள்ளைகள் தலை முழுக வேண்டும். எங்கே நடந்தாலும், எவ்வளவு பிந்திக் கேட்டாலும் அதுதான் எங்கள் முறை. அதன் பிறகுதான் படத்தை வைத்து விளக்கேற்றலாம், ஆட்களுக்குச் சொல்லலாம். மனைவி துவாயைக் கையில் தந்தாள். நான் அதைக் கதிரையில் போட்டுவிட்டுப் பின்வளவுக்குப் போனேன். முழுகினால் அப்பா செத்தவர். முழுகாதவரைக்கும் எனக்கு இன்னும் வரப்போகிற ஒரு மனிதர் இருந்தார்.

பசை பூசினேன். தகட்டைப் பொருத்தித் துளை போட்டேன். ரிவெட் இறுக இறுக, அதை இழுக்கிற கம்பி ஒவ்வொன்றாக டக்கென்று முறிந்து விழுந்தது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. பிள்ளைகள் பாணும் ஜாமும் தின்றார்கள். மனைவி மறுபடி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, செய்தது காணும். வந்து முழுகுங்கோ."

மழை வரும்போல் இருக்கிறது, இப்படியே விட்டால் உள்மரம் உக்கிப்போகும் என்றேன்.

"அதுக்குள்ள இனி ஆர் படுக்கப்போகினம்?"

ரிவெட் டப்பாவை எடுத்துத் தரச்சொன்னேன். தந்தாள். சரியானதைக் கேட்டாள் என்பதற்காகவே அவள்மீது எரிச்சல் வந்தது. காலையில் வந்த அந்தப் பயத்துக்குப் பிறகு எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அதுதான்.

மழை வரவில்லை. ஓக்லண்ட் மழை தேவைப்படும்போது வராது. கடைசி ரிவெட்டும் அடித்து முடித்தபின், ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும், தகட்டின்மேல் ஹோஸ் பைப்பைப் பிடி என்று மனைவியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன். கட்டிலில் ஏறி இருந்து சுவரில் உள்ளங்கையை வைத்தேன். வெளியே தண்ணீர் தகட்டில் அடித்துக்கொண்டிருந்தது. சுவர் காய்ந்தே இருந்தது. தேவைக்கு மேலேயும் அப்படியே இருந்தேன்.

இறங்கி வந்து, ஒழுகவில்லை என்றேன்.

அவள் பைப்பைப் பூட்டவில்லை. கிட்ட வந்தாள்.

"மாமா இனி வரமாட்டார். குனியுங்கோ."

சட்டையோடும் சப்பாத்தோடும் குனிந்தேன். தண்ணீர் உச்சந்தலையில் விழுந்து முதுகுக்குள் இறங்கியது. பல் கிடுகிடுத்தது. அந்தக் குளிர் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அப்பா செத்துப்போனார்" என்றேன்.

"ஓம்" என்றாள். தண்ணீரை நிறுத்தவில்லை.