பினாயிலம்மாவும் புழுக்காரன் ஜீப்பும்

உலகத்தையே ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, "சீ" என்று ஒதுக்கி வைத்தது போன்ற மூக்கு அவளுக்கு. சிரிக்கும்போதுகூட அதன் சுருக்கம் முழுதாகப் பிரியாது.

பாவம், அவள் பார்த்த வேலை அப்படி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத சலவைக்கூடத்துக்கு அவள்தான் மேற்பார்வை. மேல்மாடிகளில் மனிதர்கள் பிறக்கிறார்கள், சாகிறார்கள், நடுவில் வாந்தி எடுக்கிறார்கள். அத்தனையும் விரிப்பில் சுருட்டப்பட்டு, பைபையாக அவள் காலடியில் வந்து விழும். ரத்தம் பட்டது தனி, மருந்து பட்டது தனி, சொல்லக் கூடாதது பட்டது தனி என்று பிரித்துப் போட வேண்டும். வேலை முடிந்ததும் முழங்கை வரை தேய்த்துக் கழுவுவாள். வீட்டுக்கு வந்து மறுபடி கழுவுவாள். அப்புறம் தரையைக் கழுவுவாள். தெருவில் அவளுக்குப் பினாயிலம்மா என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியமில்லை.

"பினாயில்னா சுத்தம்தானே. சாக்கடைன்னு கூப்பிடலையே," என்பாள்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பேசுவதற்கு முன்னால் கைகளைத் துடைத்துக்கொள்ளும் சாதுவான மனிதர். அவரிடம் ஒரு சின்னப் படகு இருந்தது. குறுக்கே இரண்டு பலகை, பின்னால் ஒரு குட்டி எஞ்சின், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அதை டிரெய்லரில் வைத்து வண்டியில் கட்டி இழுத்துப் போய்க் கடலோரத்தில் தண்ணீரில் இறக்குவார். கல்யாணமான புதிதில் "வேலை வெட்டி இல்லாத வேலை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான் அவளும். ஒருநாள் போனால் போகிறதென்று ஏறி உட்கார்ந்தாள். கரை கண்ணுக்குச் சின்னதாகிப் போனதும் அவர் எஞ்சினை அணைத்தார். காற்றில் உப்பும் வெயிலும் தவிர வேறு எதுவுமே இல்லை. மனிதர்கள் யாரும் எதையும் விட்டுப்போகாத காற்று. அன்றைக்குத்தான் அவள் அடிவயிறு வரை மூச்சை இழுத்தாள். இழுத்தவள் அழுதுவிட்டாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் மற்ற நாட்களை அவள் பொறுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வந்தது ஆபத்து. வாராவாரம் உப்புத்தண்ணீரில் நின்று நின்று, பழைய வேனின் அடிப்பாகம் துருவேறி, ஒருநாள் தகடு தகடாக ரோட்டில் கொட்டிவிட்டது. பட்ட காலிலே படும் என்பார்களே, அதேபோல அந்தச் சமயம் பார்த்து அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன்.

"தள்ளக் கூடாது, தூக்கக் கூடாது. தையல் விட்டுச்சுன்னா அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க," என்றார் டாக்டர்.

இதுவரை வேன் திணறிய இடத்தில் அவர் தோள்தான் கைகொடுத்தது. இனிமேல் எல்லாவற்றையும் வண்டிதான் செய்தாக வேண்டும். தோதான வண்டி கிடைக்காவிட்டால் படகு கைமாற வேண்டியதுதான். பக்கத்து வீட்டுக்காரர் அதன்மேல் ஏற்கெனவே ஒரு கண் வைத்திருந்தார்.

முதலில் பார்த்தது புழுக்காரனின் ஜீப்பை. படகு இறக்கும் சரிவுக்குப் பக்கத்தில் தூண்டிலுக்கான புழு, கூனிறால், மீன்குடல் என்று விற்பவன் அவன். கடைக்கு இன்னொரு வண்டி வாங்கிவிட்டதால் இதைத் தள்ளிவிடப் பார்த்தான். நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப். அடிப்பக்கம் தாராளமான உயரம், புது டயர். மெக்கானிக் குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை.

"இது யானையையே இழுக்கும்மா," என்றார்.

அவள் கதவைத் திறந்தாள். திறந்திருக்கக் கூடாது. வெயிலில் பூட்டிக் கிடந்த நாற்றம் கிணற்றுப் பூதம்போல எழுந்து வந்து அவள் முகத்தில் அறைந்தது. சீட்டு ஈரம் காயாமல் பிசுபிசுத்தது. காலடி விரிப்பைத் தூக்கினால் கீழே கஞ்சி மாதிரி ஏதோ ஒன்று, அதில் ஏதோ நெளிந்தது.

"ஒரு வாளி கவுந்துடுச்சுக்கா, போன மாசம்," என்றான் புழுக்காரன், குழந்தை பாலைக் கொட்டிவிட்டது போல.

அவள் நாலடி தள்ளிப் போய் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பிணவண்டியில நான் ஏற மாட்டேன். படகு போனாலும் போகட்டும்," என்றாள்.

மகளைக் கட்டிய மாப்பிள்ளைக்குச் செய்தி போனது. அவர் கார் கடை ஒன்றில் மேலாளர். பேச்சிலேயே வாசனைத் தைலம் தடவி அனுப்புகிறவர். மறுநாளே ஒரு காரைக் காட்டினார். பாலாடை நிறத்தில் சீட்டு, கதவைத் திறந்தால் புதுத்துணி வாசனை. பினாயிலம்மாவின் மூக்குச் சுருக்கம் கொஞ்சம் பிரிந்தது.

"அத்தை, இதுல பின்னாடி கேமரா இருக்கு. டிரெய்லரைப் பாத்துக்கிட்டே இறக்கலாம்."

"ஏத்தும்போது?" என்று கேட்டார் மாமனார்.

"ஏத்தும்போதும் கேமரா இருக்கு மாமா."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "இது முன்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி மாப்பிள்ளை. மேட்டுல இழுக்கும்போது பாரமெல்லாம் பின்னாடி போயிடும். முன்னாடி லேசாயிடும். பாசியில சும்மா சுத்தும்."

"உங்களுக்கு வாழ்க்கை பூரா மேல கீழதான்," என்றாள் அவள். "நாலு மனுஷங்க மதிக்கிற மாதிரி ஒரு வண்டியில போகக் குடுத்து வைக்கலையா எனக்கு? நாள் முழுக்க நான் எதுல கையை வைக்கிறேன்னு தெரியுமில்ல?"

அந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் அவர் மறுபடி கையைத் துடைத்துக்கொண்டார். தலையாட்டினார். வண்டி வீட்டுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் படகு தண்ணீரில் இறங்கியது. அவள்தான் ஓட்டினாள். கேமராவில் எல்லாம் தெரிந்தது. "பாத்தீங்களா?" என்று இரண்டு தரம் கேட்டாள். படகில் போனார்கள், எஞ்சினை அணைத்தார்கள், அவள் ஆசை தீர மூச்சு விட்டாள்.

திரும்பி வரும்போது கடல் ஓதம் தணிந்து தண்ணீர் வற்றியிருந்தது. காலையில் மூடிக் கிடந்த சரிவின் அடிப்பகுதி இப்போது பல்லிளித்துக்கொண்டு வெளியே கிடந்தது. சளி மாதிரிப் பச்சைப் பாசி, அதில் ஒட்டிய மீன்செதில், அழுகிய நண்டு, யாரோ போட்ட குழந்தைத் துணி. டிரெய்லர் நீருக்குள் போனது, படகு அதன்மேல் ஏறியது. அவள் காரை முன்னே எடுத்தாள். முன்சக்கரம் சுற்றியது. வண்டி அசையவில்லை. இன்னும் மிதித்தாள். ரப்பர் கருகும் புகை எழுந்தது. பச்சைச் சேறு விசிறியடித்துத் திறந்திருந்த ஜன்னல் வழியே வந்து சீட்டில் அப்பியது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பதை அந்த வண்டி எல்லோர் கண்முன்னும் நடத்திக் காட்டியது.

அந்தச் சரிவில் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. முன்சக்கர வண்டி மாட்டிக்கொண்டால் கரையில் நிற்பவர்கள் கேட்காமலே வந்து பானட்டில் ஏறி உட்கார்வார்கள், பாரத்துக்கு. நாலு பேர் வந்தார்கள். லுங்கியில் செதில், கையில் குடல் ரத்தம். அப்படியே உட்கார்ந்தார்கள்.

"நல்ல வண்டிக்கா. சோபா மாதிரி இருக்கு," என்றான் ஒருவன், முன்கண்ணாடி வழியாக அவளைத் திரும்பிப் பார்த்து.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய முதுகுகள். மறுபடி மிதித்தாள். வண்டி முன்னே வருவதற்குப் பதிலாகப் பின்னால் நழுவியது, அதுவும் கோணலாக, சரிவின் விளிம்பைப் பார்த்து.

அப்போதுதான் கேமராவில் பார்த்தாள். அவள் புருஷன் தண்ணீருக்குள் இறங்கி, முழங்கால் அளவு சேற்றில் நின்று, டிரெய்லருக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார். தள்ளக் கூடாத மனிதர் தள்ளிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கை அடிவயிற்றுக்குப் போனது.

"விடுங்க... விட்டுட்டு மேல போங்க," என்று கத்தினாள். பிரேக்கை அழுத்தி மிதித்தாள். எல்லாவற்றையும் சுத்தமாகக் காட்டும் கேமரா இதையும் சுத்தமாகக் காட்டியது. பாலாடை சீட்டில் உட்கார்ந்திருந்த தன்னையே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சரிவின் உச்சியில் ஜீப்பை நிறுத்திவிட்டுப் புழுக்காரன் அதில் கட்டிய கயிற்றோடு இறங்கி வந்தான். காரின் முன்கொக்கியில் கட்டினான்.

"அக்கா, உங்க வண்டி விளிம்புக்குப் போகுது. இதை நான் பிடிச்சுக்கறேன். இவங்க நாலு பேரும் இறங்கினா இன்னும் வழுக்கும். பழைய வேனை ஓட்டினவங்கதானே, நீங்க ஏறி ஜீப்பை எடுங்க. மெதுவா, முதல் கியர்லயே."

அவன் ஈர டவுசரோடு பாலாடை சீட்டில் உட்கார்ந்தான். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாசியில் கைகளை ஊன்றி மேலே ஏறினாள். ஜீப்பின் கதவைத் திறந்தாள். அதே நாற்றம், அதே பிசுபிசுப்பு, அதே கஞ்சி. காலை அதில் வைத்தாள். செருப்பைத் தாண்டி விரலிடுக்கில் அது குளிர்ந்து ஏறியது. ஏறி உட்கார்ந்து, கியரைப் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தாள்.

நாலு சக்கரமும் தரையைக் கவ்வின. கயிறு விறைத்தது. கார், பானட்டில் நாலு பேர், டிரெய்லர், படகு என்று மொத்த ஊர்வலமும் முனகாமல் பின்னால் ஏறி வந்தது.

சமதளத்தில் நிறுத்திவிட்டு ஓடினாள். அவர் அதற்குள் கரையேறி ஓரக்கல்லில் உட்கார்ந்திருந்தார். அத்தனை பேர் நடுவில் அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். துணியில் எந்தக் கறை எது என்று ஆயுள் முழுக்கப் பார்த்த கண்கள் சிவப்பைத் தேடின. பச்சை மட்டும்தான் இருந்தது.

"தையல் விடலைம்மா. லேசா இழுத்துச்சு, அவ்வளவுதான்."

அதைக் கேட்ட பிறகுதான் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். நிதானமாக, எல்லாவற்றையும். திரும்பி வந்து புழுக்காரனிடம், "வண்டி இன்னும் இருக்கா?" என்றாள்.

"அன்னைக்கு நீங்கதானேக்கா வாந்தி எடுத்தீங்க?"

"இன்னைக்கும்தான் எடுத்தேன். இருக்கா, இல்லையா?"

மாப்பிள்ளை காரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்தார். சீட்டைப் பார்த்தார். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "என்ன அத்தை இது, சீ," என்றார்.

"ஏத்தும்போதும் கேமரா இருந்துச்சு மாப்பிள்ளை," என்றாள் அவள்.

ஜீப்பைக் கழுவினாள். ஆஸ்பத்திரி மருந்து போட்டுக் கழுவினாள், சீட்டைப் பிய்த்தெறிந்து புதிது வைத்தாள், பினாயிலை வாளி வாளியாக ஊற்றினாள். பினாயிலும் புழுவும் கைகோத்துக்கொண்டு, இரண்டையும் விட மோசமான மூன்றாவது நாற்றம் ஒன்றைப் பெற்றெடுத்ததுதான் மிச்சம். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறாள். சரிவு வந்ததும் குதித்திறங்கித் துப்புகிறாள்.

"போகப் போகப் பழகிடும்மா," என்றார் அவர் ஒருநாள், படகில் எஞ்சினை அணைத்துவிட்டு.

தூரத்துக் கரையில் ஜீப் நின்றிருந்தது. அதன் ஜன்னலைச் சுற்றி ஈக்கள் மொய்ப்பது இங்கிருந்தே தெரிவதுபோல அவளுக்குத் தோன்றியது.

"பழகாது," என்றாள். "நாத்தம் நாத்தம்தான். அதுல ஏறும்போதெல்லாம் எனக்குக் குமட்டும். குமட்டட்டும்." கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். "உங்க கை வயித்துக்குப் போனதை நெனச்சா வர்ற குமட்டலுக்கு இது தேவலை."

பிறகு மூக்கின் சுருக்கம் மெல்லப் பிரிய, அடிவயிறு வரை மூச்சை இழுத்தாள்.