டிரம்ஸ் இல்லாத பாட்டு

போட்டாதாங் படகுத்துறையில் படகு இன்னும் வரவில்லை. தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். பர்மியத் தமிழரான கடைக்காரர் கோ அந்தோணியின் கைப்பேசியில் ஒரு ஸ்காட்லாந்து ராக் குழுவின் மெதுவான பாட்டு ஓடுகிறது. ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் இவர்களுடைய பாட்டுகளுக்கு டிரம்ஸ் வாசித்தவராம் அவர்.

"மொதல்ல இவங்க பாட்டுல கிட்டாரும் டிரம்ஸும் அதிரும் சார். பேர் வந்ததும் மெதுவான காதல் பாட்டாப் போட்டாங்க. தாளத்துக்கு மிஷின் வச்சுட்டாங்க. கல்யாணக்காரங்களும் அதையே கேட்டாங்க. எங்க கூட்டாளிங்க கீபோர்டு வாங்கிட்டு, என்னை வர வேணாம்னுட்டாங்க."

"அப்புறமும் இவங்க பாட்டையே கேக்குறீங்களே?"

லபெயே என்னும் பால் தேநீர்க் கோப்பையை என் முன்னால் வைக்கிறார். மேசையைத் தட்டப் போன அவர் விரல்கள் பாதியில் நின்றுவிடுகின்றன.

"புதுப் பாட்டும் நல்லாத்தான் சார் இருக்கு. அதுதான் வருத்தம்."