சான்றில்லாத ஒரு வரி

பொன்னேரியில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்த அறையில் மின்விசிறிக் காற்றுக்கு வட்டாட்சியர் கையிலிருந்த தாள் படபடத்துக்கொண்டிருந்தது. அவர் அதை மேசைமேல் வைத்து ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்த வரியை உரக்கப் படித்தார்: “முகத்துவாரத்துக்கு வடக்கேயுள்ள மணல்திட்டுப் பாடு தொன்றுதொட்டு இக்குப்பத்தினருக்கே உரியது.” அந்த வரியை எழுதியவள் நான். பின்வரிசையில் எங்கள் குப்பத்துப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். என் அப்பா, நான் நைனா என்று கூப்பிடுபவர், முன்வரிசையில் இருந்தார். அந்த வரிக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அறைக்கு வெளியே இன்னொருவருக்குத் தெரியும். அவரை நான் அப்போது ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை.

பழவேற்காட்டுக் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கணினி வேலை பார்க்கிறேன். விண்ணப்பம் தட்டச்சு செய்வது, படகுக்குப் பதிவு எண் வாங்கப் படிவம் நிரப்புவது, நகல் எடுப்பது. கூட்டமில்லாத மதியங்களில் இணையத்தில் எதையாவது படித்துக்கொண்டிருப்பேன். அப்படித்தான் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அந்தத் தமிழ்க் கலைக்களஞ்சியம் கண்ணில் பட்டது. எங்கள் குப்பத்தின் பெயரைத் தேடினேன். இல்லை. உள்ளங்கை அகல ஊர்களுக்கெல்லாம் பக்கம் இருந்தது, எங்களுக்கு இல்லை. அன்றே எழுத உட்கார்ந்தேன். கோயில், பள்ளி, படகுத்துறை எல்லாம் எழுதினேன். பாடு பற்றியும் எழுதினேன். ஏரியில் இறால் நன்றாகப் படும் இடத்தைப் பாடு என்போம். எந்த நாளில் யார் எந்தப் பாட்டில் வலை கட்டுவது என்று ஊர்க்கூட்டத்தில் சீட்டுப் போட்டு முடிவுசெய்வோம். மணல்திட்டுப் பாடு எங்களுடையது என்று சிறு வயதிலிருந்து நைனா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதையும் எழுதினேன்.

மறுநாள் அந்த வரி மட்டும் இல்லை. மற்றவர்கள் எனக்குச் செய்தி எழுத அங்கே இருக்கும் என் பேச்சுப் பக்கத்தில் ஒரு செய்தி இருந்தது. நல்ல கட்டுரை, நன்றி, உரிமை பற்றிய வரிக்குச் சான்று தேவை, கிடைத்ததும் சேர்க்கலாம் என்று நிர்வாகி ஒருவர் எழுதியிருந்தார். நான் வரியைத் திரும்பப் போட்டேன். அவர் எடுத்தார். திரும்பப் போட்டேன். மூன்றாம் முறை போட்டதும், ஒரே நாளில் இப்படி மூன்று முறைக்குமேல் செய்யக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது என எச்சரித்தார். நான்காம் முறையும் போட்டேன். என் கணக்கு ஒரு நாளுக்கு முடக்கப்பட்டது.

அந்த ஒரு நாள் எனக்கு இருந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. என் ஊரைப் பற்றி நான் எழுதியதை ஏரியையே பார்த்திராத எவரோ ஒருவர் அழிப்பதா? தடை நீங்கியதும் எல்லோரும் கூடிப் பேசும் பொதுப் பக்கத்தில் ஒரு நீண்ட புகார் எழுதினேன். உங்களுக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்று கேட்டிருந்தேன். சாயங்காலம் பதில் வந்தது. தன்னை நிர்வாகியாக்க நடந்த வாக்கெடுப்பின் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தார். “எதிர்த்து வாக்களித்தவர்கள் எழுதியிருக்கும் காரணங்களையும் படியுங்கள். அவற்றில் இரண்டு சரியானவை” என்று கீழே எழுதியிருந்தார். போய்ப் படித்தேன். அவசரப்படுகிறார், புதியவர்களிடம் கறாராகப் பேசுகிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். தன்மேல் சொல்லப்பட்ட குறையைத் தானே எடுத்துக் காட்டும் ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

சண்டைக்கு ஆயுதம் தேடித்தான் விதிகளைப் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு விதிப்பக்கத்துக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருந்தது. மேலேயிருந்து எவரும் இறக்கிவைத்த விதிகள் இல்லை அவை. ஓர் ஊரின் பெயரில் றகரமா ரகரமா என்று இரண்டு பேர் மாதக்கணக்கில் மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டிருந்ததில் பிறந்தது ஒரு விதி. தன் மாமனாரின் கம்பெனியைப் புகழ்ந்து ஒருவர் எழுதிய கட்டுரையால் வந்தது இன்னொன்று. சண்டை நடந்திருக்கிறது, பேசியிருக்கிறார்கள், சலித்துப்போய்ச் சிலர் விலகியிருக்கிறார்கள், மிஞ்சியவர்கள் இனி இப்படி வைத்துக்கொள்வோம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். சில விதிகள் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, சரிப்படவில்லை என்று எடுக்கப்பட்டும் இருந்தன. சம்பளமில்லாத மனிதர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரு கால்புள்ளிக்காக இவ்வளவு மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு முதலில் சிரிப்பாகவும் பிறகு மரியாதையாகவும் இருந்தது.

நானும் ஒரு விதி முன்மொழிந்தேன். எழுத்தில் இல்லாத ஊர்களுக்கு வாய்மொழியைச் சான்றாக ஏற்க வேண்டும், பெரியவர்களைப் பேச வைத்துப் பதிவுசெய்து இணைக்கலாம் என்றேன். மூன்று வாரம் விவாதம் நடந்தது. ஆதரித்தவர்களும் இருந்தார்கள். நிர்வாகி கடைசியில் வந்து எழுதினார்: மீன் பெயருக்கும் வலை பெயருக்கும் இது சரி; உரிமைக்குச் சரிவராது. “ஏரிக்கு இரண்டு கரை உண்டு. எதிர்க்கரையில் யாரையாவது கேட்டீர்களா?” நான் கேட்டிருக்கவில்லை. மீன், வலை, காற்று ஆகியவற்றின் பெயர்களுக்கு மட்டும் வாய்மொழிப் பதிவு ஏற்கப்படும் என்று முடிவானது. என்னால் வந்த விதி அது. அதன்படி எங்கள் பக்கத்துக் காற்றுகளின் பெயர்களை நைனாவைப் பேசவிட்டுப் பதிவுசெய்தேன்.

அந்த நிர்வாகி யாரென்று பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. பேராசிரியராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். தெற்கே எங்கோ ஒரு ரயில்வே கேட்டில் கேட் கீப்பர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். பணி நேரத்தில் கைப்பேசியைத் தொடமாட்டார். அது ரயில்வே விதி. அவரும் அதை இம்மி பிசகாமல் வைத்திருந்தார். அதனால் அவரிடமிருந்து பதில்கள் எப்போதும் எட்டு மணி நேரம் தாமதித்தே வந்தன. அந்த எட்டு மணி நேரத்தில் எழுதிய ஆத்திரத்தை நானே பல முறை அழித்திருக்கிறேன்.

அப்புறம்தான் நான் தவறு செய்தேன். ஒரு நாள் கடைக்கு வந்த நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பழவேற்காடு பற்றி ஒரு கட்டுரை. அதில் மணல்திட்டுப் பாடு தொன்றுதொட்டு எங்கள் குப்பத்துக்கே உரியது என்று அச்சாகியிருந்தது. சில இணையதளங்கள் கலைக்களஞ்சியத்தை அப்படியே நகலெடுத்துப் போடுவதுண்டு. நீக்கப்படும் முன் என் வரி அங்கே போயிருந்தது, நிருபர் அங்கிருந்து எடுத்திருக்கிறார். ‘தொன்றுதொட்டு’ என்ற சொல்லைப் பார்த்ததுமே அது என்னுடையது என்று தெரிந்துவிட்டது. தெரிந்தும், நாளிதழைச் சான்றாகக் காட்டி வரியைத் திரும்பச் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை. சான்று இருந்ததே.

ஒன்றரை வருடம் அப்படியே போனது. பிறகு முகத்துவாரம் மணல் மூடிக் கடல்நீர் வரத்து குறைந்தது. மற்றப் பாடுகளில் இறால் படவில்லை. மணல்திட்டுப் பக்கம் மட்டும்தான் கொஞ்சம் பட்டது. எதிர்க்கரைக் குப்பத்தார் அங்கே வலை கட்டினார்கள். எங்கள் ஆட்கள் அறுத்தார்கள். அவர்கள் எங்கள் படகு இரண்டை இழுத்துப்போய் வைத்துக்கொண்டார்கள். மண்டை உடையும் நிலை வந்தபோது வட்டாட்சியர் இரு தரப்பையும் பேச அழைத்தார். எங்கள் ஊர்த் தலைவர் கடைக்கு வந்து, கலைக்களஞ்சியப் பக்கத்தையும் நாளிதழ்ப் பக்கத்தையும் நகல் எடுத்துத் தரச் சொன்னார். ஊருக்கு நல்லது செய்திருக்கிறாய் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

அதே வாரம் நிர்வாகியிடமிருந்து செய்தி வந்தது. கட்டுரைகளின் சான்றுகளைச் சரிபார்த்துக்கொண்டு வந்தவர் தேதிகளை ஒப்பிட்டிருக்கிறார். நாளிதழ் வரி, நான் முதலில் எழுதியதற்குப் பிந்தியது, சொற்களும் ஒன்றே. “இது எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும் என நினைக்கிறேன். நீங்களே நீக்கினால் நல்லது” என்று எழுதியிருந்தார். நீக்கினேன். ஆனால் தாள் தலைவரின் பையில் இருந்தது. அன்று முதல் முறையாக நிர்வாகியைத் தொலைபேசியில் அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

“களஞ்சியத்துல என்ன செய்யணும்னு சொல்ல எனக்கு வாக்கு இருக்கு. உங்க ஊர்ல எனக்கு வாக்கு இல்லீங்க,” என்றார்.

இதைச் செய்யுங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர்மேல் பாரத்தைப் போட்டிருப்பேன்.

பொன்னேரி அறையில் வட்டாட்சியர் அந்த வரியைப் படித்து முடித்ததும் எதிர்க்கரைத் தரப்பில் வயதான ஒருவர் எழுந்து, “இத எழுதுனது யாரு சார்? அவரு எங்க கரைக்கு வந்தாரா?” என்று கேட்டார். இணையத்தில் இருக்கிறது, பேப்பரிலும் வந்திருக்கிறது என்றார் எங்கள் தலைவர். எழுந்தேன்.

“நான்தான் சார் எழுதினேன். பேப்பர்காரங்க அதப் பாத்துதான் போட்டாங்க. எனக்கு எங்க நைனா சொன்னதுதான். வேற ஆதாரம் இல்ல.”

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று பட்டது. நைனா திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். வட்டாட்சியர் தாளை மடித்து ஓரமாக வைத்தார். யாரிடமும் எழுத்து இல்லை என்றால் நீங்களே உட்கார்ந்து பேசி ஒரு முடிவோடு வாருங்கள் என்று பதினைந்து நாள் கொடுத்து அனுப்பினார்.

வேனில் திரும்பும்போது என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட உட்காரவில்லை. தெருவில் பேச்சு நின்றது. எங்கள் குப்பத்தார் நகல் எடுக்க வேறு கடைக்குப் போனார்கள். நைனா வீட்டில் சாப்பிட்டார், தூங்கினார், என்னோடு மட்டும் பேசவில்லை. எழுந்தது சரிதானா என்று அந்த நாட்களில் பல முறை எனக்கே சந்தேகம் வந்தது. ஊர் உலையில் கை வைத்துவிட்டேன் என்று அம்மா ஒரே ஒரு முறை சொன்னாள். அது பொய்யில்லை.

இரு குப்பத்தார் தரப்பிலும் மூன்று மூன்று பேர் பசியாவரம் என்ற ஊரில் சந்தித்தார்கள். எங்கள் மூவரில் நைனாவும் ஒருவர். இரண்டாம் நாள் திரும்பி வந்தவர், கால் கழுவிக்கொண்டே என்னிடம் பேசினார். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

“அவனுங்க நைனாவும் அதே கதையதான் சொல்லிட்டுப் போயிருக்காரு. ஊர் பேரு மட்டும்தான் வேற.”

மாதத்தில் பாதி நாள் எங்களுக்கு, பாதி நாள் அவர்களுக்கு, எந்தப் பாதி யாருக்கு என்பது இரண்டு ஊரும் சேர்ந்து போடும் சீட்டில் என்று முடிவானது. எழுதிக் கையெழுத்திட்டு வட்டாட்சியரிடம் கொடுத்தார்கள். பேப்பரில் வந்தது. அந்தச் செய்தியைச் சான்றாக வைத்து நிர்வாகி எங்கள் குப்பத்தின் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்தார். நான் அந்தப் பக்கத்தைத் தொடுவதை விட்டுவிட்டிருந்தேன். எங்கள் தெரு என்னோடு பேச இன்னும் ஒரு வருடம் ஆனது. சிலர் இன்றும் பேசுவதில்லை.

ஒரு விடுமுறையில் நிர்வாகி தன் மனைவியோடு பழவேற்காட்டுக்கு வந்தார். குள்ளமான, வெயிலில் கறுத்த மனிதர். நைனாதான் படகில் கூட்டிப்போய் மணல்திட்டைக் காட்டினார். பாதி வழியில், “எம் பொண்ண ஒரு நாள் வெளிய நிறுத்துனது நீதானா?” என்று கேட்டார். ஆமாங்க என்றார் அவர். “நாங்களும் நிறுத்துவோம். ஆனா ஒரு நாள்ல உள்ள விடமாட்டோம்,” என்றார் நைனா. இருவரும் சிரித்தார்கள். கரை திரும்பும்வரை நைனா ஏரியைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நிர்வாகி கேட்டுக்கொண்டு வந்தார். ஒன்றைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு என்னை நிர்வாகியாக்க வாக்கெடுப்பு நடந்தது. நாளிதழ் விஷயத்தை நானே முதல் பத்தியில் எழுதினேன். அதைக் காரணம் காட்டி இரண்டு பேர் எதிர்த்தார்கள். ஒருவர், என்னை ஒரு நாள் முடக்கிய அவரே. அப்போது தேறவில்லை. பிந்திய வாக்கெடுப்பில்தான் தேறினேன், அதில் அவர் ஆதரித்திருந்தார்.

போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். கல்லீரலில் ஏதோ என்று சொன்னார்கள். நோய் தெரிந்து நாற்பது நாள்கூட இல்லை. செய்தி வந்த மூன்றாம் நாள், எங்களில் புதியவர் ஒருவர் அவர் பெயரில் ஒரு கட்டுரை தொடங்கியிருந்தார். பிறந்த ஊர், வேலை, எழுதிய கட்டுரைகள், பழகிய விதம் என்று அழகாக எழுதியிருந்தார். ஒரு சான்றுகூட இல்லை. எந்த நாளிதழும் அவரைப் பற்றி எழுதியதில்லை, எந்தப் புத்தகத்திலும் அவர் இல்லை. விதிப்படி அவருக்குக் கட்டுரை வைக்க முடியாது. நீக்கலாமா என்ற விவாதம் ஏழு நாள் திறந்திருந்தது. பலர் வந்து நினைவுகளை எழுதினார்கள், ஒருவரும் வைத்திருக்கலாம் என்று வாதாடவில்லை. விவாதத்தை முடித்துவைக்கும் வேலை என் முறைக்கு வந்தது. வேறு நிர்வாகியிடம் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. எழுதிய புதியவருக்கு அவருடைய பேச்சுப் பக்கத்தில் நன்றி சொல்லிவிட்டு, கட்டுரையை நீக்கினேன்.

இப்போது யாராவது அவர் பெயரைத் தேடினால், அப்படியொரு பக்கம் இல்லை, நீங்கள் விரும்பினால் உருவாக்கலாம் என்று வரும். உருவாக்கினால் நான் நீக்குவேன். அதனால்தான், பார்த்ததையும் கேட்டதையும் மட்டுமே வைத்து, சான்று எதுவும் இல்லாமல், இதை வேறிடத்தில் எழுதுகிறேன்.